தேன் டீச்சரின் தொண்டை

பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தேன் டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். ஆனால் அது காதுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதிலேயே பேச்சுப்போட்டிக் கோப்பைகளை அடுக்க வீட்டில் இடம் போதாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தவள் அவள். கணக்கு டீச்சர் ஆன பிறகும் மேடை அவளை விட்டுப் போகவில்லை. ஏற்ற இறக்கத்தோடு, கைவீச்சோடு, நடுநடுவே ஒரு வேடிக்கையோடு அவள் பின்னக் கணக்கை விளக்கினால் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். முடித்ததும், "புரியுதா?" என்பாள். "புரியுது டீச்சர்!" என்று கூரை அதிரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கும்.

தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பின் இன்னொரு பிரிவு. அங்கே கணக்கு எடுப்பவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி மனைவி. ஒரே வீட்டில் இவள் கீழே, அவள் மாடியில். வேலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் தலைமையாசிரியையிடம் சிபாரிசு செய்து அவளைக் கூட்டிவந்தது சாட்சாத் தேன் டீச்சரேதான். அன்றைக்குத் தன் புத்தி எங்கே போயிற்று என்று அவள் நொந்துகொள்ளாத வாரமில்லை.

ஓரகத்திக்குக் கோவையாகப் பேச வராது. பாதி வாக்கியத்தில் நின்றுகொண்டு மின்விசிறியைப் பார்ப்பாள். கொஞ்சம்போல் சொல்லிவிட்டு, "புத்தகத்தை மூடு. இப்ப நீ சொல்லு" என்பாள். பிள்ளைகள் தப்புத் தப்பாகச் சொல்லும். உடனே திருத்தவும் மாட்டாள். "அப்படியா? நீ என்ன சொல்றே?" என்று பக்கத்துப் பிள்ளையைக் கிளப்பிவிடுவாள். அப்புறம் என்ன, ஒரே சந்தைக்கடை. போன மாதம் முடித்த பாடத்திலிருந்து இன்றைக்குத் திடீரென்று கேள்வி வரும். அதனால் அவளுக்கு மூடு டீச்சர் என்று பெயர் விழுந்தது. "மூடு டீச்சருக்கு இன்னிக்கு மூடு சரியில்லை" என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டதைக் கேட்டுத் தேன் டீச்சர் பல நாள் சந்தோஷமாக நடமாடினாள்.

வராந்தாவில் சுற்றி வரும் தலைமையாசிரியையும் இவள் பக்கம்தான். "உங்க வகுப்புல குண்டூசி விழுந்தா கேட்குது. அதுதான் படிப்பு" என்பார். அமைதியாக இருக்கிற பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு ஒரு நம்பிக்கை. சில பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்பது இருவருக்கும் தெரியவில்லை.

பிறகு அரையாண்டுத் தேர்வு வந்தது. இரண்டு பிரிவுக்கும் ஒரே கேள்வித்தாள். சந்தைக்கடை, குண்டூசிக் கூட்டத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"கேள்வியை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கா, வேற என்ன?" என்று வீட்டில் பொருமினாள்.

"கேள்வித்தாள் தயாரிச்சதே நீதானே?" என்றான் கணவன்.

அவளுக்கு வயிறு எரிந்தது. தோற்றது கூடப் பரவாயில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த ஓரகத்தி, "என் பசங்களுக்கு ஏதோ அதிர்ஷ்டம்க்கா" என்று சொன்னாளே, அந்த அடக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. பீற்றிக்கொண்டால் திருப்பிக் கொடுக்கலாம். அடக்கமாக இருப்பவளை என்ன செய்வது?

அந்தச் சமயத்தில் அவளை ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். சில பிள்ளைகள் கண்ணால் கற்கும், சில காதால், சில கையால். பிரித்துவிட்டால் போதும், படிப்பு தானாக ஏறும் என்று அங்கே ஒருவர் படம் போட்டுச் சொன்னார். தேன் டீச்சர் திரும்பி வந்த வேகத்தில் வகுப்பைக் கண் வரிசை, காது வரிசை, கை வரிசை என்று மாற்றி உட்கார வைத்தாள். அவளுடைய மகளும் அந்த வகுப்புதான். மகளைச் சோதிக்கவே இல்லை, நேரே காது வரிசை. அம்மா பேசிக்கொண்டே இருக்கலாம் அல்லவா!

அந்த மகள்தான் ஒருநாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அம்மா, என்னைச் சித்தி வகுப்புக்கு மாத்திவிடுறியா?"

பின்னல் நின்றது.

"நீ சொல்லும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும்மா. வீட்டுக்கு வந்து பார்த்தா ஒண்ணுமே இல்லை."

"காது கொடுத்துக் கேட்டா ஏன் இல்லாம போகுது?" என்று ஜடையை ஒரு இழு இழுத்தாள். பெண் கத்தியது. பெண் தானே போய்க் கேட்டதற்குத் தலைமையாசிரியையோ, மாதக் கடைசிக்குள் சொன்னால் மாற்றிவிடலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். வகுப்பு போனால் போகட்டும். பெற்ற பெண்ணையும் மாடிக்குத் தூக்கிக் கொடுப்பதா? பள்ளிக்கூடம் முழுக்க என்ன பேசும்?

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இன்னும் நன்றாக விளக்குவது. வகுப்பில் குரலை உயர்த்தினாள், வீட்டில் சாயங்காலம் மறுபடி விளக்கினாள், காய் நறுக்கும்போதும் விளக்கினாள். ஒரு காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. "ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் டாக்டர்.

பலகையை மடக்கி இரண்டு பிரிவையும் ஒன்றாக்கினார்கள். ஓரகத்தி முன்னால் நின்றாள். தேன் டீச்சர் கடைசி பெஞ்சில், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாலேயே குறை தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்றரையைக் காலால வகுத்தா என்ன வரும்? புத்தகத்தை மூடு" என்ற ஓரகத்தி, பார்த்துப் பார்த்து இவள் மகளையே எழுப்பினாள்.

இந்தக் கணக்கைத் தேன் டீச்சர் பாட்டாகவே சொல்லிக்கொடுத்திருந்தாள்: பின்னால் நிற்பவனைத் தலைகீழாக்கு, பெருக்கு, கதை முடிஞ்சுது. பெண் கரும்பலகைக்குப் போய், முன்னால் நின்றவனைத் தலைகீழாக்கிவிட்டது. ஆறில் ஒன்று என்று எழுதிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. தேன் டீச்சரின் உதடு துடித்தது. ஐயோ, பின்னால், பின்னால்! காற்றுதான் வந்தது.

ஓரகத்தி தப்பு என்று சொல்லவில்லை. "ஒன்றரை மீட்டர் துணி இருக்கு. கால் கால் மீட்டரா வெட்டுறே. ஆறுல ஒரு துண்டுதான் கிடைக்குமா?" என்றாள். அப்புறம் பேசாமல் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். இத்தனை நேரம் ஒரு வகுப்பில் யாரும் பேசாமல் இருந்து தேன் டீச்சர் பார்த்ததில்லை. அவளாக இருந்தால் இதற்குள் மூன்று தடவை விளக்கி முடித்திருப்பாள்.

"ஒரு துண்டு கூட வராதா?" என்று பெண் முணுமுணுத்தது. சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நீளக் கோடு போட்டது. "ஒரு மீட்டருக்கு நாலு… அரைக்கு ரெண்டு… ஆறு! சித்தி, ஆறு துண்டு! நான் தப்பானதைக் கவுத்துட்டேன்!"

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இந்தத் தடவை அது அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தேன் டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் தான் பேசிப் பேசி எத்தனையோ சிரிப்பை வாங்கியிருக்கிறாள். இந்த முகத்தை வாங்கியதில்லை. அதை ஒருத்தி வாயை மூடிக்கொண்டு நின்று வாங்கிவிட்டாள். அதுவும் தான் பெற்ற முகம்! ஓரகத்தி செய்வது சரி என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்ததால் எரிச்சல் குறையவில்லை. இன்னும் கொழுந்துவிட்டு எரிந்தது.

வாரம் முடிந்தது. குரல் திரும்பியது, பலகையும் திரும்பியது. தேன் டீச்சர் தசமத்தை ஆரம்பித்து, பழைய மிடுக்கோடு விளக்கி முடித்து, "புரியுதா?" என்றாள்.

"புரியுது டீச்சர்!"

காது வரிசையில் ஒரு வாய் மட்டும் அசையவில்லை.

"என்ன, உனக்குப் புரியலையா?"

"தெரியலை டீச்சர்" என்றது பெண். "மூடிட்டுச் சொல்லிப் பார்த்தாத்தான் தெரியும்."

வகுப்பு சிரிக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தையைத் தவிர தமிழில் வேறு வார்த்தையே இல்லையா என்று தேன் டீச்சர் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"புத்தகத்தை மூடுங்க" என்றாள், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

அந்தப் பக்கத்துச் சந்தைக்கடை சட்டென்று அடங்கியது. கேட்டுவிட்டது ஓரகத்திக்கு. நிச்சயம் கேட்டுவிட்டது.

இந்தப் பக்கமோ தப்பான விடைகள் மழையாகப் பொழிந்தன. சற்று முன்பு "புரியுது" என்ற அதே வாய்கள்தான். சரியான விடை வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கும் மூடச் சொல்லுவியாம்மா? அப்படின்னா நான் மாறலை."

தேன் டீச்சர் தலையை ஆட்டினாள். பெண்ணைத் தக்கவைத்துக்கொண்டாள், அதுவும் யாருடைய வார்த்தையை வைத்து!

மாடிப்படியில் ஓரகத்தி எதிரே வந்தாள். முகத்தில் அதே பாழாய்ப்போன அடக்கம்.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"எரியுது" என்றாள் இவள்.

"வெந்நீர் குடிங்கக்கா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் ஓரகத்தி.