பதப்படுத்திய கன்று

என் பிள்ளை மவுத்தாகிப் பதினெட்டாம் நாள். நட்ட நடுப்பகலில் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் இன்னொரு பிள்ளை அழுதது. நான் எழுந்திருக்கவில்லை. பிடிவாதமாக அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். மார்பில் சுருக்கென்று ஊசி ஏறியதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால் ரவிக்கை நனைந்திருந்தது.

எனக்குப் பயம் வந்தது. சும்மா பயப்படுகிற ஆள் இல்லை நான். எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவள். அறுந்த பல்லிவால் துடிப்பதைப் பார்த்து மற்றப் பெண்கள் ஷைத்தான் என்று ஓடினால், நான் நின்று, வாலுக்குள் இருக்கும் நரம்பு இன்னும் சாகவில்லை, பூனை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பல்லி தப்பித்துக்கொள்ளும் என்று விளக்கம் சொல்வேன். பொழுது சாய்ந்ததும் புளியமரம் இலையை மூடுவது பேய்க்கு வழி விடுவதற்காக இல்லை, இலையின் அடியில் இருக்கும் குட்டி முடிச்சில் தண்ணீர் இறங்கிவிடுவதால்தான் என்று சொல்லி மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மாமி என்றால் என் மாமியார். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது என் திமிர். ஆனால் என் உடம்பு என்னைக் கேட்காமல் செய்த இந்தக் காரியத்துக்கு அன்று என்னிடம் காரணம் இல்லை. அது நான் மல்லிகைப்பூ வைத்துக் கட்டி வற்றவைத்த பால்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் என் வீட்டுக்காரருக்குச் சின்னதாக ஒரு தோல் பதனிடும் ஷாப் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். அந்த வருடம் அவருடைய தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தாள். எனக்கு மகன் பிறந்த ஐந்தாம் நாள் அவளுக்கு மகள் பிறந்தாள். மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே வீட்டில் தயார் என்று மாமி இரண்டையும் ஒரே பாயில் படுக்கவைத்துச் சிரித்தார்கள். முப்பத்தைந்தாம் நாள் என் மகனுக்கு ஜன்னி கண்டது. மறுநாள் அஸர் தொழுகைக்குள் முடிந்துபோயிற்று.

அடுத்த வாரமே நாத்தனார் டைபாய்டில் விழுந்தாள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாமியும் கூடப் போனார்கள். பிள்ளையை அங்கே கொண்டுபோக முடியாது. வாசலில் வண்டி நிற்கும்போது மாமி என்னைப் பார்த்தார்கள்.

"ஒனக்குத்தான் பால் இருக்கே. புள்ளைய அமத்திக்கயேன்மா."

"அது அவனோட பால் மாமி. வேற யாருக்கும் தர மாட்டேன்."

மாமி வண்டியில் ஏறிவிட்டார்கள். நான் சொன்னது கல்நெஞ்சுப் பேச்சு என்று எனக்கே தெரியும். அந்தப் பெண்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டில் ஒன்று போகவேண்டும் என்றால் ஏன் என்னுடையது? இதை வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலை பூக்காரியிடம் அரைப்படி மல்லிகை வாங்கித் துணியில் பொதிந்து மாரோடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பால் வற்ற இதுதான் வைத்தியம். பூ ஏன் பாலை வற்றவைக்கிறது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. உடம்புச் சூட்டில் வெந்துபோன மல்லிகையின் வாடை மட்டும் நினைவில் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் தலையில் மல்லிகை வைத்ததில்லை.

ஆக, பிள்ளை எங்கள் செவலை மாட்டின் பாலில் வளர்ந்தது. மாட்டை எங்களுக்கு விற்றவர் கன்னிவாடி ரோட்டில் ஒரு ஊர்க்காரர், விவசாயி. தினமும் காலையில் கத்தரிக்காய் மூட்டையோடு சைக்கிளில் டவுனுக்கு வருவார். வரும் வழியில் எங்கள் மாட்டைக் கறந்து கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் நான் கறப்பேன். பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சிச் சங்கில் புகட்டினால் பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கிவிடும். என் கை அதன்மேல் அதிகம் படாமல் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

நாலைந்து நாள்தான் அப்படிப் போனது. கன்று கழிச்சல் கண்டு செத்துவிட்டது. மாடு பாலை அடக்கிக்கொண்டது. மடி கல்லாக இருக்கிறது, காம்பை இழுத்தால் ஒரு ஆழாக்குக்கூடத் தேறவில்லை. பால்காரர் பாலைக் கொடுத்துப் பார்த்தோம், ஆட்டுப்பால் கொடுத்தோம், டின்னில் விற்கிற மாவுப்பாலைக் கரைத்தோம். எதுவும் பிள்ளையின் வயிற்றில் நிற்கவில்லை. கக்கியது, பேதியானது.

விவசாயி யோசனை சொன்னார். "தோலை உரிச்சு உள்ள வைக்கலை அடைச்சு மாட்டு முன்னால நிறுத்துங்க பாய். கன்னுன்னு நெனச்சு நக்கும். செத்த நேரத்துல பால் எறங்கிரும். எங்கூர்ல எல்லாரும் பண்றதுதான்."

வீட்டுக்காரர் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை. "தானா செத்த உருப்படி. பச்சைத்தோல் நஜீஸு, வீட்டுக்குள்ள கொண்டுவர ஏலாது. பதம்பண்ணிட்டா சுத்தம். நானே பண்ணிக் கொண்டாரேன்."

எங்களுக்கு அது மார்க்கம். அவருக்கு அது தொழில்கூட. மயிர் உதிராமல், தோலின் உள்பக்கத்தைச் சுரண்டி, நாலைந்து தண்ணீரில் அலசி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் போட்டு, அவசரத்திலும் ஒரு குறை வைக்காமல் ஒரு வாரம் மெனக்கெட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. கன்று படுத்துக் கிடந்த சாக்கைச் சோடா உப்புப் போட்டு அவித்துத் துவைத்தேன். கொட்டகையைச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். வெங்காயம் உரிக்கும்போது ரவிக்கை நனைந்தது அந்த வாரத்தில்தான். துக்கம் வந்தால் எனக்கு எதையாவது தேய்த்துக் கழுவவேண்டும். அந்த மாதத்தில் என் வீட்டில் துவைக்காத துணி, கழுவாத பாத்திரம் என்று எதுவும் கிடையாது. ஒன்றே ஒன்றைத் தவிர.

கன்று வந்தது. நாலு காலுக்கும் மூங்கில் குச்சி. வயிற்றில் வைக்கோல். கண் இருந்த இடத்தை வாரால் தைத்து மூடியிருந்தார்கள். தைத்த கண்ணோடு அது நின்றதைப் பார்த்து நான் இரண்டடி தள்ளி நின்றேன். விவசாயி அதைத் தூக்கிப்போய் மாட்டின் முகத்துக்கு நேராக வைத்தார்.

மாடு மோந்தது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. பிறகு மூச்சைச் சீறிவிட்டுப் பின்வாங்கிப் பால்செம்பை உதைத்துத் தள்ளியது. கயிறு அறுந்துவிடும்போல் திமிறியது. அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மாட்டுக்குக் கண்ணில் தூசி விழுந்தாலும் தண்ணீர் வழியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

விவசாயி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ மாட்டுக்கு வச்சிருக்கேன் தாயி. ஒண்ணுகூட இப்பிடி மெரண்டதில்ல. கன்னு இதுக்குள்ள வரலை."

அவர் போய்விட்டார். வீட்டுக்காரர் ஷாப்புக்குப் போய்விட்டார். நானும், அந்தப் பிள்ளையும், மாடும், வைக்கோல் கன்றும் மட்டும் வீட்டில் இருந்தோம். திண்டுக்கல் வெயிலில் பகல் ஒரு மணிக்குத் தெருவில் ஈ காக்கை இருக்காது. காற்று அடிக்கும்போதெல்லாம் கன்றின் வயிற்றுக்குள் வைக்கோல் சரசரத்தது, மூச்சு வாங்குகிற மாதிரி. காலையில் மாட்டைப் பார்த்து நின்ற அது, பொழுது சாயும்போது அடுப்படியைப் பார்த்து நின்றது. உடம்பு நகரவில்லை, கழுத்து மட்டும் திரும்பியிருந்தது. வெயில் பட்ட பக்கம் தோல் சீக்கிரம் காய்ந்து சுருங்கிக் கழுத்தை இழுத்திருக்கிறது என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். சொன்ன காரணம் சரிதான். ஆனாலும் அன்று சாயங்காலம் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சமைத்தேன்.

பிள்ளையின் அழுகை குறைந்துகொண்டே வந்தது. முதலில் வீறிட்டது, பிறகு பூனைக்குட்டிபோல் முனகியது. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. என் மகனுக்குக் கடைசி நாளில் அப்படித்தான் இருந்தது. இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை வீட்டுக்காரர் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். புதிதாக வேலைக்கு வந்த இளவயதுக்காரர், பேசும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார். கன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து மாடு மோந்ததுபோலவே மோந்தார்.

"பாய், இவ்வளவு சுத்தமா யார் பதம்பண்ணினது?"

"நான்தான்." வீட்டுக்காரர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அதான் கெட்டுப்போச்சு. கிராமத்துல உப்பைத் தடவிக் காயவச்சு அப்படியே நிறுத்துவாங்க. கன்னோட வாடை அதுல இருக்கும். மாடு கண்ணால கன்னை நம்புறதில்ல பாய், மூக்காலதான் நம்பும். இதுல ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் இருக்கு. கன்னு இல்ல."

விவசாயி சொன்னதும் இதேதான்.

டாக்டர் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பால் ஊறுறது ஒரு வேலை. ஊறின பால் காம்புக்கு இறங்குறது வேற வேலை. கன்னை மோந்தாலோ, கன்னு முட்டினாலோ, மூளையிலேர்ந்து ஒரு சுரப்பு ரத்தத்துல கலந்து மடிக்கு வரும். அது வந்தாத்தான் மடி பாலைப் பிழிஞ்சு இறக்கும். மிரண்டா வராது."

"மனுஷருக்கும் அப்படித்தானா?" என்று நான் கேட்டேன்.

அவர் காது சிவந்துவிட்டது. பதிலை மாட்டிடம் சொன்னார். "எல்லாத் தாய்க்கும் அப்படித்தான். பிள்ளை அழுற சத்தம் கேட்டாலே இறங்கிடும். எந்தப் பிள்ளைன்னு காது பார்க்காது."

"வத்திப்போன பால்?"

"முழுசா வத்துறதுக்கு நாளாகும்மா. வாய் வச்சு உறிஞ்ச உறிஞ்சத் திரும்ப ஊறும்."

கன்று படுத்த சாக்கு ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள், போர்த்திப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கொடியில் தொங்கிய சாக்கை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் மோந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சோடா வாடை. மதுரையிலிருந்து ஊசிமருந்து வரவழைத்தால் மாட்டைக் கறக்கலாம், இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் அதற்கு ஏற்பாடு செய்ய அவரோடு கிளம்பினார்.

இரண்டு மூன்று நாள் அந்தப் பிள்ளைக்கு இல்லை.

நான் உள்ளே போய் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், என் கல்யாணச் சேலைக்குக் கீழே, இந்த வீட்டில் நான் துவைக்காமல் வைத்திருந்த ஒரே துணி இருந்தது. மகனைக் கடைசியாகக் குளிப்பாட்ட எடுத்துப்போனபோது அவன்மேலிருந்து எடுத்தது. தினம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து, முகத்தில் வைத்து, மூடிவிடுவேன். வாசனை போய்விடக் கூடாது என்று அதிக நேரம் திறந்து வைக்க மாட்டேன். மூக்கால் நம்புகிற மிருகம் மாடு மட்டும் இல்லை என்பது டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

அந்தத் துணியில் பெண்பிள்ளையைச் சுற்றினேன். முகத்தையும் பாதி மூடினேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு மடியில் வைத்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். செத்த பிள்ளையின் வாடையைக் காட்டி என் உடம்பை நானே ஏமாற்றுகிறேன். மாட்டுக்குத் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தெரியாது, எனக்குத் தெரியும், வித்தியாசம் அவ்வளவுதான். முதலில் ஒன்றும் வரவில்லை. பிள்ளை உறிஞ்சச் சத்தில்லாமல் வாயை வைத்துக்கொண்டு கிடந்தது. நான் குனிந்து துணியை மோந்தேன். அவன் அங்கே இருந்தான். சுருக்கென்றது. பால் இறங்கியது.

முற்றத்தில் கட்டியிருந்த மாடு ஒரு தடவை கத்தியது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

மதியம் வீட்டுக்காரர் வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இனி இவ நமக்கும் புள்ளைதான்" என்றார். எங்களில் பால் கொடுத்தவள் தாய். அவள் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள், கபர்ஸ்தானில் இருப்பவனும் சேர்த்து. மாமி பாயில் படுக்கவைத்துப் போட்ட கல்யாண முடிச்சு அந்த மதியத்தோடு அவிழ்ந்துபோயிற்று.

ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை அதே துணியில் சுற்றிக் கொடுத்தேன். பிள்ளை கக்கியது, நனைத்தது. துவைக்க மாட்டேன், வெயிலில் காயப்போட்டு மறுபடி சுற்றுவேன். துவைத்தால் பால் நின்றுவிடும் என்று பயம். ஊசிமருந்து வந்து சேர்ந்தபோது எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மாட்டை விவசாயியிடமே ஓட்டிவிட்டோம். வைக்கோல் கன்றை வீட்டுக்காரர் குழி தோண்டிப் புதைத்தார். நல்ல தோல் வீணாகப் போகிறதே என்று அன்று அவர் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை பிள்ளை தூங்கும்போது துணியை எடுத்து முகத்தில் வைத்தேன். புளித்த பால், பிள்ளையின் வேர்வை, மூத்திரம். எல்லாம் அவளுடையது. நாலு முனையையும் மோந்தேன். மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பல்லால் பிரித்து மோந்தேன். அவன் எங்கேயும் இல்லை. எனக்குத் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. அதைக் கேட்டுப் பிள்ளை விழித்து வீறிட்டு அழுதாள். நல்ல பலமான அழுகை. துணி என் கையிலேயே இருந்தது, அவள் மேல் ஒன்றும் இல்லை. என் ரவிக்கை நனைந்தது.

அவளுக்குப் பால் கொடுத்து முடித்துவிட்டு, துணியைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.