பொண்ணு வீட்டுக்குப் போன போட்டோ

ஒரகடம் ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிஞ்சதும், ரூம்மேட் சுடலைமுத்துவை குன்றத்தூர் மலையடிவாரத்துல நிறுத்தி போட்டோ எடுத்தேன். திருநெல்வேலியில அவனுக்குப் பார்த்திருக்கிற பொண்ணு வீட்ல கேட்டிருக்காங்க.

என் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் கேமராவோட ஆட்டோஃபோகஸ் அவன் முகத்தை மட்டும் பிடிக்கவே மாட்டேன்னுச்சு. பின்னாடி இருந்த தேங்காய்க் கடை பளிச்சுனு விழுந்துச்சு, இவன் புகை மாதிரி நின்னான்.

"ஏலே, கேமராவுக்கே என்னைப் பிடிக்கல. பொண்ணுக்கு எப்படிலே பிடிக்கும்?"

பாவமா இருந்துச்சு. ஆட்டோஃபோகஸை அணைச்சிட்டு, லென்ஸைக் கையாலயே திருகி ஒரு படம் தெளிவா எடுத்தேன். பரு, தழும்பு எல்லாம் தெரிஞ்சுது.

உத்துப் பார்த்தான். அப்புறம் கேமரா பட்டனை அமுக்கி முந்தின படங்களுக்குப் போய், மங்கலா விழுந்த படத்தைக் காட்டினான்.

"இதையே அனுப்புலே. மீதியை நேர்ல வந்து பாக்கட்டும்."

பிரவுசிங் சென்டர்ல இருந்து அதையே அனுப்பிட்டேன். நீங்க பொண்ணோட அப்பாவா இருந்தா இன்னா பண்ணுவீங்க?