இரும்புக் குண்டும் உருளைக்கிழங்கு ஆவியும்

ரிம்மாவின் வீட்டில் அந்தக் கிர்யாவுக்கு வருஷத்தில் ஒரு மாதம்தான் வேலை. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, பதினாறு கிலோ. அக்டோபரில் முட்டைக்கோஸை நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து பீப்பாயில் அடைத்ததும், மேலே மரத்தட்டை வைத்து அதன் தலையில் இதைத் தூக்கி உட்கார வைப்பாள். மீதி நாளெல்லாம் கதவுக்குப் பின்னால் கிடந்து, வருகிறவர்களின் கால் விரலைப் பதம் பார்க்கும். எங்கள் ருஷ்ய ஊரான கினெஷ்மாவில் கிர்யா இல்லாத வீடு குறைவு. அதைத் தூக்குகிற ஆள் உள்ள வீடு அதைவிடக் குறைவு.

அதை வாங்கிப்போட்டவன் அவளுடைய மகன் கிளெப். பள்ளிக்கூட நாளில் அதைத் தூக்கித் தூக்கியே தோள் அகன்றவன். இப்போது தூரத்துச் செல்யாபின்ஸ்க் நகரத்தில் இருக்கிறான். அம்மாவோடு பேசி நாலு வருஷம் ஆகிறது.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே ஒரு பேச்சுதான். மருமகள் உல்யானா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிரிந்து போன அன்று, படிக்கட்டில் நின்று ரிம்மா அவளிடம் சொன்னாள்: "போறதுதான் சரிடி. இவன் அப்பன்கிட்ட நான் பட்டது போதும், இவன்கிட்ட நீயும் படணுமா?" பின்னால் அவளுடைய பெட்டியோடு நின்ற கிளெப் அதைக் கேட்டுவிட்டான். அந்த வாரமே தன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான். அவள் சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டு அழுது சரிசெய்திருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டு அதை எப்படித் திரும்ப வாங்குவது? அவள் போன் செய்தால் அவன் எடுப்பதில்லை.

கீழ்வீட்டு ஃபயினாதான் ஒருநாள் போனை நீட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"ஏண்டி ரிம்மா, இது உன் புள்ளையா பாரு. காசு கட்டினா கிர்யா தூக்கச் சொல்லித் தர்றானாம். போன்லயே வகுப்பாம்."

படத்தில் தாடி வைத்த கிளெப் நின்றான். ரிம்மா அன்றைக்கே சேர்ந்தாள். சொந்தப் பெயரில் சேர்ந்தால் அவன் கதவைச் சாத்திவிடுவான் என்று பயம். தெருமுனை முடிதிருத்தும் கடையின் பலகையில் இருந்த பெயரைக் கொடுத்தாள். அன்றிலிருந்து செல்யாபின்ஸ்க் பக்கத்துக்கு அவள் ஆல்பினா.

முதல் பாடத்தில் குண்டு தூக்குவதே இல்லை, மூச்சுப் பயிற்சிதான். போனை மேசையில் சாய்த்து வைத்து அவள் காத்திருந்தாள். மகன் குரல் வந்தது.

"மூக்கால இழுங்க. வாயால விடுங்க, அவசரமே இல்ல. சுடச்சுட உருளைக்கிழங்க ஊதி ஆத்துற மாதிரி, நீளமா, மெதுவா."

அது ரிம்மாவின் வார்த்தை. சின்ன வயதில் ஒவ்வொரு குளிர்காலமும் கிளெப்புக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு விசிலடிக்கும். தோலோடு அவித்த உருளைக்கிழங்குப் பானையை முக்காலியில் வைத்து, அவனையும் தன்னையும் ஒரே கம்பளிக்குள் மூடிக்கொண்டு, அந்த ஆவியில் முகம் வேக வேக இதே வார்த்தையைத்தான் சொல்லிச் சொல்லி மூச்சு விட வைப்பாள். அவளை மனதிலிருந்து பிடுங்கி எறிந்தவன், ஊரில் இருக்கிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அவளைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

குரலுக்காகச் சேர்ந்தவள் குண்டையும் தூக்கத் தொடங்கினாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அது வந்தது. கொதிகலன் கூடத்தில் பாதி ஆயுள் நிலக்கரி வாரிப் போட்ட இடுப்பு அது. கால்களுக்கு நடுவே குண்டை வீசி, இடுப்பால் தள்ளி, மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, கீழே விழவிடாமல் திரும்ப வீச வேண்டும். மேலே போகும்போது மூச்சு வெளியே, இறங்கும்போது உள்ளே. தூக்கும்போதெல்லாம் மேசையிலிருந்து மகனும் அவளோடு மூச்சு விட்டான். அந்த நேரத்துக்கு மட்டும் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இல்லை, மூன்று பேர். தரை அதிர்ந்தால் கீழே ஃபயினாவின் விளக்கு ஆடும். உடனே சத்தம் போதும் என்று கரண்டியை எடுத்து, வீட்டுக்கு வீடு ஓடும் வெந்நீர்க் குழாயில் தட்டுவாள். முதலில் மூன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. கிளெப் பையனாக இருந்தபோதும் அதே தட்டுதான், அதே கரண்டிதான்.

இந்த அக்டோபரில் போனில் ஒரு செய்தி வந்தது: புதுப்பிக்கப்பட்ட பயிற்சித் திட்டம், எல்லோரும் மாறிக்கொள்ளவும். ரிம்மா விரலை வைத்தாள். பழைய பாடங்கள் ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டன. புதிதாக ஏதோ ஒரு பெண்ணின் குரல், ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவளைப் போல, "நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே" என்றது. உருளைக்கிழங்கு எங்கேயும் இல்லை. கடைசிப் பாடம் வரை கேட்டுப் பார்த்தாள். மகன் இரண்டாவது முறையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. போனை ரொட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

மறுநாள் அதை வெளியே எடுத்தவள் ஃபயினா.

"முழுசாப் படிச்சியா நீ? கடைசியில என்ன எழுதியிருக்கு பாரு. மாசத்துக்கு ஒருக்க அஞ்சு நிமிஷம் தூக்கி, மூச்சு சத்தத்தப் பதிவு பண்ணி அனுப்பணுமாம். பயிற்சியாளர் தானே கேட்டு, தன் குரல்லயே பதில் சொல்வாராம்."

"அனுப்பினா கண்டுபிடிச்சிடுவானே."

"மூச்ச வெச்சா?"

"என் மூச்சுக்குள்ளதாண்டி அவன் வளந்தான்."

"சரி, கண்டுபிடிச்சா என்ன?"

"பேர அடிச்சிடுவான். அப்புறம் இதுவும் இல்ல."

ஃபயினா பேச்சை மாற்ற மூலையிலிருந்த பீப்பாயைப் பார்த்தாள். மரத்தட்டின் மேல் கிர்யா இருக்கவேண்டிய இடத்தில், தண்ணீர் நிரப்பிய மூன்று கண்ணாடி ஜாடிகள் நின்றன.

"கர்மம். இரும்பத் தூக்கி நீ கொஞ்சற, கோஸுக்குத் தண்ணி ஜாடி காவலா? இந்த வருஷம் உன் கோஸ் கொழகொழன்னுதான் இருக்கப்போவுது."

இரண்டு வாரம் அவள் அனுப்பவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை கீழே போய், "பத்து மணிக்குத் தட்டித் தொலைக்காத" என்று சொல்லிவிட்டு வந்து, போனைப் பதிவில் போட்டுவிட்டுக் குண்டைப் பிடித்தாள். மூச்சைக் கொஞ்சம் மாற்றி, அந்த ரயில் நிலையப் பெண் சொன்ன மாதிரியே விடப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். உடம்பு சூடானதும் உதடு தானாகக் குவிந்து ஊதத் தொடங்கிவிட்டது. அதுவும் போகட்டும் என்றால், நாலாவது நிமிஷத்தில் குழாய் அலறியது. மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு இரண்டு.

ரிம்மாவுக்கு மூச்சு நின்றது. குண்டு மட்டும் பழக்கத்தில் போய் வந்துகொண்டிருந்தது. முடித்துக் கீழே வைத்தபோது, இன்னொரு தடவை தூக்கக் கையில் தெம்பு இல்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்றால் அதற்கு மனதிலும் தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை பதில் வந்தது. பெரியதாக ஒன்றும் இல்லை. ரிம்மா ஜன்னலோரம் நின்று கேட்டாள்.

"வணக்கம், ஆல்பினா. தொடக்கத்துல மூச்சு கொஞ்சம் செயற்கையா இருக்கு. போகப்போகச் சரியாயிடுது. நல்ல இடுப்பு உங்களுக்கு. அப்புறம், நாலாவது நிமிஷம்..."

குரல் நின்றது. துண்டித்துப்போனதோ என்று அவள் போனைக் காதோடு அழுத்தினாள். போகவில்லை. அவன் மூச்சு கேட்டது. மூக்கால் இழுத்து, வாயால் விட்டான். நீளமாக, மெதுவாக.

"நாலாவது நிமிஷம், கீழ்வீட்டு ஃபயினா அத்தை தட்டினதும் மூச்ச அடக்கிட்டீங்க. அவங்க தட்டினா தட்டட்டும், அவங்க என்னைக்கு நிறுத்தினாங்க? நீங்க மூச்ச அடக்காதீங்க. நெஞ்சுக்கு நல்லதில்ல. அடுத்த மாசமும் அனுப்புங்க, ஆல்பினா."

அவ்வளவுதான். அம்மா என்று சொல்லவில்லை. சொல்வான் என்று அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஆல்பினா என்றுதான் முடிந்தது. பெற்றவளை வேறு எவளோ பேர் சொல்லி, நீங்க வாங்க என்று கூப்பிடுகிறான். வலித்தது. ஆனால் பெயரை அடிக்கவில்லை. அடுத்த மாதம் என்று ஒன்று இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கதவைத் திறந்த ஃபயினா அவள் முகத்தைப் பார்த்ததும் முந்திக்கொண்டாள்.

"கை தன்னால போயிடுச்சுடி, சத்தியமா. விளக்கு ஆடினதும் கரண்டி கையில இருந்துச்சு. உன் குடியக் கெடுத்துட்டேனா? இனிமே அந்தக் கரண்டிய அலமாரில வெச்சுப் பூட்டிடறேன்."

ரிம்மா மூக்கால் இழுத்து, வாயால் விட்டாள்.

"பூட்டாத. அடுத்த மாசம் நான் சொல்ற அன்னிக்கு, இன்னும் ஓங்கித் தட்டு."