இரண்டாம் அறையின் பச்சைப் போர்வை

நாற்காலியில் மடித்து வைத்திருந்த பச்சைப் போர்வையை நகர்த்தத்தான் கை நீட்டினேன். சில்லென்றிருந்தது. எடுத்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். முதல் அறையில் இப்படி ஒரு போர்வை கிடையாதே, இங்கே மட்டும் ஏன்? நோயாளிகள் வரத் தொடங்காத காலை நேரம் அது. மூன்று வாரமாக நான் செய்துவந்த தவறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. என்னை அந்த நாற்காலிவரை கொண்டுவந்து நிறுத்தியவர் ஓர் ஆட்டோக்காரர். ஆனால் அவர் போர்வையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு இயந்திரங்கள் இரண்டு. அச்சு அசல் ஒன்றுபோல இயங்கும்படி பொருத்தப்பட்டவை; ஒன்று பழுதானால் அதன் நோயாளியை மற்றதில் படுக்கவைத்து அதே சிகிச்சையைத் தொடரலாம். அறைகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறியவை. இரண்டும் ஒரே அளவு கதிர்வீச்சைத் தருகின்றனவா என்று பார்ப்பது, மருத்துவ இயற்பியல் படித்துவிட்டு வந்த என் வேலை. பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, நடுவே விரலளவு அளவுமானியைச் செருகி, கதிரைப் பாய்ச்சி எண்ணைக் குறிப்பேன். அந்த அளவுமானிக்குள் இருப்பது வெறும் காற்று. அறை குளிர்ந்தால் காற்று அடர்ந்து எண் கூடும். அதனால் அறையின் வெப்பத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே வெப்பமானி முதல் அறை ஆணியில் தொங்கியது. அதை ஒருமுறை பார்ப்பேன். இரண்டு அறைக்கும் அதையே எழுதிக்கொண்டு ஓடுவேன். “நீ ஓடுற ஓட்டத்துக்கு ஒன் நெழலு பஸ்ஸு புடிச்சுத்தான் வரணும்” என்பார் அம்பத்தூரிலிருந்து வரும் டெக்னீஷியன் அக்கா. ஒருநாள் இரண்டாம் இயந்திரம் கொஞ்சம் அதிகமாகத் தருவதாக என் கணக்கு காட்டியது. மூத்த இயற்பியலாளரிடம் கையெழுத்து வாங்கி அதன் அளவைக் குறைத்துவைத்தேன். பிறகு இரண்டு எண்களும் கடைசி இலக்கம்வரை ஒன்றாகவே வந்தன. எனக்கு ஒரே பெருமை.

ஆட்டோக்காரருக்குத் தொண்டையில் கட்டி. தலை அசையாமலிருக்க, அவருடைய முகத்திலேயே வார்த்தெடுத்த பிளாஸ்டிக் முகமூடியைப் போட்டு மேசையோடு பூட்டுவோம். இப்படி எல்லா நோயாளிகளின் முகங்களும் சுவரோரத் தட்டில் வரிசையாக இருக்கும், கண் திறக்காமல். முதல் இயந்திரம் பழுதாகி நான்கு நாள் அவரை இரண்டாம் அறைக்கு மாற்றினோம். நான்காம் நாள் முகமூடியைக் கழற்றியதும், காற்றாகிப்போன குரலில் சொன்னார்: “டாக்டர் தம்பி, இந்த ரூம்புல ஒண்ணு கொறையுது.”

“என்னண்ணே குறையுது?”

“மிசினு கத்துதுல்ல, அங்க இருபத்திரெண்டு வரிக்கும் போவுது. இங்க இருபத்தொண்ணுலியே நின்னுடுது.”

அக்கா சிரித்துவிட்டார். “இன்னா அண்ணாத்தே, மீட்டருக்கு எவனோ சூடு வெச்சு ஏமாத்துறான்னு பாக்குறியா?”

“நான் மீட்டரு போட்டே பல வருசம் ஆவுது, போக்கா.” பிறகு என்னைப் பார்த்தார். “நெசமா நான் எண்ணல தம்பி. மூஞ்சிய அமுக்கிப் பூட்டுனதும் யாரோ எண்ணுறான். நான் கேட்டுகினு கீறேன்.”

பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு அறையிலும் கதிர் பாய்ந்த நேரத்தில் ஒரு நொடிகூட வித்தியாசமில்லை. அப்படியே இருந்தாலும் சத்தத்தின் நீளம் கதிரின் அளவைச் சொல்லாது. இதெல்லாம் தெரிந்தும் மறுநாள் விடிந்ததும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் அறைக்குப் போனேன். அப்போதுதான் அந்தப் போர்வை.

“இது எதுக்குக்கா?”

“ஐஸ் பொட்டிடா இந்த ரூமு. ஏசிய ரிப்பேர் பண்ணி மூணு வாரமா பேசண்டெல்லாம் நடுங்கிகினு கீறாங்க. ஒனக்குத் தெரியாதா?”

எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. வெப்பமானியை எடுத்துவந்து போர்வையின்மேல் வைத்தேன். சிவப்புக் கோடு மெல்ல இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு பாகை இறங்கித்தான் நின்றது. இயந்திரம் அன்றைக்குக் கூடுதலாகத் தரவே இல்லை; எண்ணைக் கூட்டியது குளிர். சரியாக இருந்ததைத்தான் நான் குறைத்திருந்தேன், நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். கடைசி இலக்கம்வரை ஒத்துப்போன அந்த எண்கள், என் அவசரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்ட கண்ணாடி.

மூத்தவரிடம் ஒப்புக்கொண்டேன். முதல் நோயாளி வருவதற்குள் சரிசெய்தோம். மூன்று வாரக் கோப்புகளையும் மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் அனுமதித்த எல்லைக்குள்தான், யாருக்கும் சிகிச்சையை மாற்ற வேண்டாம் என்றார். ஆனாலும் எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும்; ஆட்டோக்காரரிடம் நீயே சொல் என்றார். சொன்னேன்.

“என் தொண்டைக்கு இன்னா ஆவும்?”

“ஒண்ணும் ஆகாதுண்ணே, டாக்டர் பாத்துட்டார். நாலு நாள்ல குறைஞ்சது ரொம்பக் கொஞ்சம். ஆனா தப்பு என்னுது.”

“அப்ப அவன் எண்ணுனது கரீட்டு.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே.”

“ஒனக்கு இல்ல” என்றார்.

முதல் இயந்திரம் சரியாகியிருந்தும், அன்று அவரே கேட்டு இரண்டாம் அறையில் படுத்தார். முடிந்ததும் முகமூடிக்குள்ளிருந்தபடியே கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டினார். மடக்கினார். மறுபடி இரண்டு விரல். பதிவேட்டில் நேரம் பழைய நேரமேதான்.

சிகிச்சை முடிந்து மறுபடி வேலப்பன்சாவடி ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் பரிசோதனைக்கு வருவார். அவர் முகம் மட்டும் தட்டில் இருக்கிறது. எறிய வேண்டியதை அக்கா ஏனோ எறியவில்லை. இப்போது அறைக்கு ஒரு வெப்பமானி; இரண்டாம் அறை ஏசியையும் முதல் அறையின் அளவுக்குச் சரிசெய்துவிட்டார்கள். இருந்தும், ஒத்துப்போகும் எண்களைக் கண்டால் எனக்குப் பயம். அதனால் நாளைக் காலை அக்காதான் அளவெடுக்கப் போகிறார், எந்த அறை என்று எனக்குச் சொல்லாமல். எண்ணையும் வெப்பத்தையும் மட்டும் சீட்டில் எழுதித் தருவார். கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் அறையைக் கேட்பேன். “கண்ணாமூச்சி ஆடுற வயசா ஒனக்கு?” என்றார்; ஒப்புக்கொண்டார்.

வெளியே கட்டுப்பாட்டு மேசையின் ஒலிபெருக்கியில் இயந்திரத்தின் அந்தச் சத்தம் எழும்போது, கணினித் திரைகளுக்கு முதுகைக் காட்டி, பச்சைப் போர்வையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறேன். எண்ண மாட்டேன். வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பேன்.