நம்பாதவரின் வேலை

ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தவன் நான். "இந்தத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மென்பொருளை அவரே எழுதினாரா?" என்று கொழும்புக் கம்பனி, அவளுடைய பழைய பள்ளிக்கூட அதிபரான என்னிடம் கேட்டது. "தோட்டத்து லயத்துப் பிள்ளை, போனைப் பார்த்துப் படித்தது; சந்தேகம்தான்" என்றேன். அவளை வேலைக்கு எடுக்கவில்லை.

பின்னர் தலவாக்கலை பஸ்ஸில் அவளைக் கண்டேன். சிவப்பு ஸ்வெட்டர், விரிசல் விழுந்த போன். போனில் தான் எழுதிய நிரல் வரிகளை உதடசைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். விசாரிக்காமலே அப்படிச் சொன்னேன் என்ற உண்மையைக் கம்பனிக்கு எழுதுவதாகவும் சொன்னேன்.

"எழுதுங்க சார். ஆனா இனி நான் செய்றத நீங்கதான் சோதிச்சுத் தரணும்."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரிய வேணாங்க. நம்பாத ஆளுதான் நல்லா பிழை பிடிப்பாங்க."

எழுதினேன், கம்பனி பதில் போடவில்லை. சனிக்கிழமைதோறும் அவள் போனை நீட்டுகிறாள். நான் பிழை கண்டுபிடித்தால் கைதட்டிச் சிரிக்கிறாள். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.