ஆறு பேருக்கு ஒரே வாக்கியம்

பாபநாசத்தில் உரக்கடை மாடியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியாரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. என்னைவிடப் பத்து வயசு சின்னவர். பி.ஏ. படித்தும் வேலை கிடைக்காத கோபத்தையெல்லாம் எங்கள் தலையில் இறக்குவார். நான் எட்டாவதோடு நின்றவன். உரமூட்டையிலும் மருந்து டப்பாவிலும் அச்சடித்திருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்தே கொஞ்சம் இங்கிலீஷ் சேர்த்திருந்தேன். அதை அவரிடம் சொன்னது தப்பு. "அப்ப நீங்க பூச்சிகிட்டதான் பேசலாம்" என்றார். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள்.

போகாமலும் இருக்க முடியாது. நான் குத்தகைக்கு உழுத நிலத்தை மனை போட்டு விற்கப்போவதாக நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். இந்த அறுவடைதான் கடைசி. துபாயில் கிடங்கு வேலைக்கு ஆள் எடுக்க ஏஜெண்ட் ஒருவர் கும்பகோணம் லாட்ஜுக்கு வருகிறார், இங்கிலீஷில் கேள்வி கேட்பார் என்று தகவல். என் மனைவி, "எங்கப்பாவையே பேசிப் பேசி மடக்கின ஆளு, அந்த ஏஜெண்டு எம்மாத்திரம்" என்று அனுப்பிவைத்தாள்.

வாத்தியாருக்கு ஒரே பைத்தியம், வாக்கியங்களை இணைப்பது. துண்டு துண்டாகப் பேசினால் கூலிக்காரன், சேர்த்துப் பேசினால் படித்தவன் என்பார். பலகையில் இரண்டு வாக்கியம் எழுதி 'பிகாஸ்' போடச் சொல்வார், 'ஆல்தோ' போடச் சொல்வார், 'சோ' போடச் சொல்வார். நெல்லுக்கட்டுக்கு வைக்கோலில் பிரி முறுக்கிப் போடுகிற மாதிரிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானே ஒன்று கட்டினேன். நிலத்தை விற்கிறார்கள், அதனால் வேலை தேடுகிறேன், ஆனாலும் விவசாயம் பிடிக்கும் என்று. முடிப்பதற்குள் கையை உயர்த்தினார். "சொந்தச் சரக்கெல்லாம் வேணாம். நான் குடுக்கறதச் சொல்லுங்க."

அவர் கொடுத்தது இது: ஆல்தோ ஐ ஒர்க் ஹார்ட், தேர் இஸ் நோ வாட்டர் இன் த ரிவர், சோ ஐ வான்ட் டு கோ அப்ராட், பிகாஸ் மை ஃபேமிலி இஸ் பிக். கஷ்டப்பட்டு உழைத்தாலும் ஆற்றில் தண்ணீர் இல்லை, அதனால் வெளிநாடு போகணும், ஏனென்றால் குடும்பம் பெரிசு. மூன்று கட்டு, ஒரே மூச்சு. இருபது நாள் அதையே ஓதினோம். நான் முனகினால், "பூச்சி மருந்து, சத்தமா" என்பார். அந்தப் பெயரே எனக்கு நின்றுவிட்டது.

லாட்ஜில் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு சாத்தவில்லை. முதலில் போனவர், பாபநாசத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்த வேதாரண்யத்து உப்பளக்காரர். ஏன் வெளிநாடு என்று கேட்டதும், ஆற்றில் தண்ணீர் இல்லை என்று முழங்கினார். அடுத்து ஜவுளிக்கடை பாய். வயலில் கால் வைத்ததே இல்லை, அவருக்கும் ஆற்றில் தண்ணீர் இல்லை. மூன்றாவது ஆளுக்கே ஏஜெண்ட் கடுகடுத்துவிட்டார். ஐந்து பேரும் வேலை இல்லையென்று வெளியே வந்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் குஷி. வாத்தியார் தோற்றார், நான் என் சொந்த வாக்கியத்தைச் சொல்லி ஜெயிக்கப்போகிறேன். உள்ளே போனேன். கேள்வி வந்தது. வாயைத் திறந்தால் 'ஆல்தோ' என்று வந்தது. அப்புறம் நிற்கவில்லை. பாதியில் ஏஜெண்டும் கூடவே சொல்ல ஆரம்பித்து, ஃபேமிலி பெரிசு வரைக்கும் வந்தார். "போயிட்டு வாங்க" என்று தமிழிலேயே முடித்தார்.

நேரே அந்த மாடிக்குப் போனேன். புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், பலகையில் அதே வாக்கியம். உப்பளத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் ஒரே பதிலா, அதை அழியுங்கள் என்றேன். வாத்தியார் சாக்பீஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வாக்கியத்துல ஒரு தப்பு காட்டுங்க. ஆறு பேரும் பிசகாம சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னோம். ஆறு பேருக்கும் வேலை இல்ல."

"ஆறு பேரும் ஒரே மாதிரி அங்க போய் நின்னிருக்கீங்க. அதுக்கு நான் என்னங்க பண்றது?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து நானே பலகையை அழிக்கப் போனேன். பாதி அழித்திருப்பேன். முன்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்துவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கோபமாகத்தான் பிடித்தார்.

"அண்ணே, விடுங்க. நாங்க இன்னும் எழுதிக்கல."