மறந்து வைத்த கண்ணாடி

தாய்லாந்துக்கு எதற்குப் போனாய் என்று கேட்ட எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன்: "சும்மா, ஊர் சுத்திப் பாக்க." அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். உண்மையில், மைசூரில் என் வாடகை அறைக்குள் உட்காரவே முடியவில்லை. நிச்சயமான கல்யாணம் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது.

நின்றதற்குக் காரணம் நான். அம்மாவோ தன்னால்தான் நின்றது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே விட்டு வைத்திருந்தேன்.

கொள்ளேகாலைத் தாண்டி, ஹனூர் பக்கம் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். சோளக்காட்டையும் இரண்டு மாட்டையும் வைத்துக்கொண்டு அம்மாதான் என்னை மைசூரில் இன்ஜினியரிங் வரை படிக்க வைத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பெண் வீட்டார் மைசூரிலேயே பல தலைமுறையாக இருக்கும் தமிழர்கள். ஆண் பெண் எல்லாரும் படித்து வேலைக்குப் போகிறவர்கள். நான் மட்டும் போன முதல் சந்திப்பில் பெண்ணின் அப்பா, "அம்மா என்ன படிச்சிருக்காங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எட்டாவது," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாள் அச்சகத்திலிருந்து வந்திருந்தது. பெண்ணின் அம்மா அதை என் அம்மாவிடம் நீட்டினார். "நீங்க ஒரு தடவ பாத்துட்டா பிரஸ்ஸுக்கு அனுப்பிடலாம்."

அம்மா வாங்கிக்கொண்டாள். மேலிருந்து கீழே மெதுவாகப் பார்வையை ஓட்டினாள். "எல்லாஞ் சரியா இருக்குதுங்க."

அடுத்து அதை வாங்கிய பெண்ணின் அப்பா சத்தமாகச் சிரித்தார். "என்னங்க சம்பந்தி, உங்க பேரே இல்லையே! ரெண்டு எடத்துலயும் எங்க வீட்டம்மா பேரையே போட்டு வச்சிருக்கான்." சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தாம்பூலத் தட்டைப் பார்த்தேன்.

சாயங்காலமே கல்யாணப் பெண் போன் செய்தாள். "படிக்கலைன்னா என்ன இப்போ? எங்க பெரியம்மாவும்தான் படிக்கல. நீங்க ஏன் பொய் சொன்னீங்க? பெத்த அம்மாவப் பத்தியே இப்படின்னா, நாளைக்கு என்னைப் பத்தி வெளிய என்ன சொல்வீங்க?"

நான்கு நாள் கழித்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அந்தக் காயிதத்த நான் கையில வாங்காம இருந்திருக்கோணும் சாமி," என்று அம்மா ஊரிலிருந்து போனில் அழுதாள். "என்னாலதான் கெட்டுது."

"விடும்மா," என்றேன். "உன்னால இல்ல" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அப்படித்தான் விமானம் ஏறினேன். என்னை நானே தேடிக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு நினைப்பு. ஆறு நாளும் தேடியதெல்லாம் போனுக்குள்தான், அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வருமா என்று. ஏழாம் நாள், வடக்கே ஒரு சின்ன ஊருக்கு அருவி பார்க்கப் போன இடத்தில், அடித்த மழையில் அந்தப் போனும் செத்தது.

பஸ் நிலையம் வந்தேன். ஆட்கள் உட்காரப் பின்பக்கம் இரண்டு நீள பெஞ்சு போட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றிப் பலகையிலும் என்னவோ எழுதியிருந்தது, எல்லாம் அந்த ஊர் எழுத்தில். நானும் ஒவ்வொரு பலகையையும் நிமிர்ந்து பார்த்தேன், படிக்கிறவன் மாதிரி. இரண்டு வண்டிகள் கிளம்பிப் போயின. என் வண்டி அதில் இருந்ததோ என்னவோ.

வாழைப்பழம் சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போய், என் விடுதி இருந்த ஊரின் பெயரைச் சொன்னேன். மூன்றாவது தடவை புரிந்துகொண்டு, அதோ எழுதியிருக்கிறதே என்பதுபோல் ஒரு பலகையைக் காட்டினார். அப்போது என் கை சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தது. கண்ணைத் தொட்டுக் காட்டினேன். இரண்டு கையையும் விரித்தேன்.

கண்ணாடியை மறந்து வைத்துவிட்டேனாம்.

நான் கண்ணாடியே போடுவதில்லை. அந்த எழுத்து எனக்குத் தெரியும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் கை அதைத்தான் செய்தது. கொள்ளேகால் பஸ் நிலையத்தில் அம்மா சொல்வது அது. "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டனுங்க, ஹனூர் பஸ்ஸு எதுங்க?" அவளிடமும் கண்ணாடி கிடையாது. பக்கத்தில் நிற்கும் நான் வேறு யாரோபோல் நாலடி தள்ளிப் போய்விடுவேன். ஒரே ஆளின் பேச்சை நம்பி அவள் ஏறவும் மாட்டாள். தள்ளி நிற்கும் இன்னொருவரைக் கேட்பாள். இரண்டு பேரும் ஒரே வண்டியைக் காட்டினால்தான் படியில் கால் வைப்பாள்.

நானும் தள்ளி நின்ற ஒரு போலீஸ்காரரைக் கேட்டேன். அதே வண்டியைத்தான் காட்டினார். ஏறினேன். சரியான ஊரில்தான் இறங்கினேன்.

மைசூர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அம்மா ராகி மாவோடு அறைக்கு வந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. "அம்மா, நீ எட்டாவது படிச்சிருக்கேன்னு நாந்தான் அவங்ககிட்டச் சொன்னேன். அதாலதான் நின்னுது. அந்தக் காயிதத்தால இல்ல."

அம்மா மாவுப் பையின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "தெரியுங் கண்ணு. நிச்சயத்தன்னைக்கே பொண்ணோட அம்மா கேட்டாங்க, எட்டாவது எந்த ஊருல படிச்சீங்கன்னு. கொள்ளேகால்லன்னு சொல்லிப் போட்டேன்."

"நீயுமா?"

"பின்ன? உன்னைய அத்தன பேருக்கு முன்னால பொய்யனாக்கச் சொல்றியா? அதுக்கப்புறம் காயிதத்த நீட்டுனா, தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வரவில்லை. ஆச்சரியமாக, தெம்பு வந்தது. புதுப் போனை எடுத்துப் பெண் வீட்டுக்குப் போட்டேன். பெண்ணின் அம்மாதான் எடுத்தார். "எங்க அம்மா பள்ளிக்கூடமே போனதில்லைங்க. எட்டாவதுன்னு நான் சொன்ன பொய்யக் காப்பாத்தத்தான் அன்னைக்கு அவங்களும் அப்படிச் சொன்னாங்க. தப்பு என்னோடது."

"அம்மா பக்கத்துல இருந்தா குடுப்பா," என்றார். இருவரும் மழை, மாடு, முழங்கால் வலி என்று கால் மணி நேரம் பேசினார்கள். கல்யாணப் பேச்சு திரும்ப வரவில்லை. அதை எதிர்பார்த்து நான் போன் செய்யவும் இல்லை.

மறுநாள் காலை அம்மாவை ஊருக்கு ஏற்றிவிட வந்த மைசூர் பஸ் நிலையத்தில் இந்தத் தடவை நான் தள்ளிப் போகவில்லை. அம்மா என்னை விட்டுவிட்டு ஒரு காலேஜ் பெண்ணிடம் போனாள். தனக்குப் படிக்கத் தெரியாது, கொள்ளேகால் பஸ் எது என்று கன்னடத்தில் கேட்டாள். கண்ணாடிப் பேச்சே இல்லை. அந்தப் பெண் ஒரு பஸ்ஸைக் காட்டினாள்.

அம்மா திரும்பி என்னிடம் வந்தாள். "ரெண்டாவது ஆளு நீயி. சொல்லு, எது?"

நான் பலகையைப் படித்துவிட்டு அதே பஸ்ஸைக் காட்டினேன். ஏறிக்கொண்டாள்.